பதினொன்றே முக்காலுக்கு நின்ற பெல்ட்

கிர்ர்ர்ரென்று சைரன் அலறியது. வெளியே மரச்சில்லுகளைச் சுமந்து தடதடவென ஓடிக்கொண்டிருந்த பெல்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது.

கையெழுத்துப் போடக் குனிந்த ஆய்வாளரின் பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றுவிட்டது.

மரச்சில்லுகளை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை அது. அங்கே வரும் மரம் எங்கிருந்து வருகிறது என்று அரசாங்கத்தின் சார்பில் கண்காணிப்பது அவள் வேலை. அறுவை ஆலைக் கழிவு வரலாம். காட்டு மரம் வரக்கூடாது. எதிரே வெள்ளைச் சட்டையில் தூசு படாமல் உட்கார்ந்திருந்த கான்ட்ராக்டரின் லாரிகள் மேல் மூன்று மாதமாக அவளுக்குச் சந்தேகம். ஆனால் காகிதமெல்லாம் கச்சிதம். கெடு இன்று பன்னிரண்டு மணி. அதற்குள் ஆதாரம் கிடைக்காவிட்டால் ஐந்து வருடச் சான்றிதழ் கொடுத்தே தீரவேண்டும். கொடுத்தால், மலைச்சரிவில் மிச்சமிருக்கும் பழைய மரங்கள் அத்தனையும் சாம்பல்தான்.

“சில்லுல ஏதாவது ஆணி கீணி இருக்கும் மேடம், அதான் மெட்டல் டிடெக்டர் பெல்ட்டை நிறுத்திடுச்சு. நீங்க கையெழுத்தைப் போடுங்க” என்றார் கான்ட்ராக்டர்.

அவள் பேனாவை மூடினாள். அடுத்த நொடி வெளியே ஓடினாள்.

இரும்புப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி மேலே போனால், பெல்ட் ஓட்டுபவர் அதை மறுபடி ஓடவைக்கும் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றிருந்தார். இமை மயிர்வரைக்கும் மரத்தூள் அப்பியிருப்பதால் ஆலையில் அவருக்குப் பெயர் மைதா.

“மைதாண்ணே, அழுத்தாதீங்க!”

“பாய்லர்ல பிரஷர் இறங்குது மேடம். மேனேஜர் போன்ல குதிக்கிறாரு. பத்து நிமிஷம்தான் தாங்கும்!”

“ஆணியா இருந்தா பெல்ட்டுக்கு மேல தொங்குற இந்தக் காந்தமே இழுத்திருக்குமே?”

“அதான் எனக்கும் புரியல. காந்தத்துக்கே டிமிக்கி குடுத்துட்டு வந்திருக்குன்னா, இது இரும்பு இல்ல மேடம்!”

அவள் கையை முழங்கைவரை சில்லுக் குவியலுக்குள் விட்டாள். நகக்கண்ணில் சிராய் ஏறியது. வலி உறைக்கவில்லை. நெஞ்சு சைரனைவிட வேகமாக அடித்துக்கொண்டது. பின்னாலேயே கான்ட்ராக்டர் மூச்சிரைக்க ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் லாரி ஓட்டும் அவருடைய மைத்துனன், மீசையும் தொந்தியுமாக.

விரலில் சில்லென்று ஏதோ தட்டியது. இழுத்தாள். ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் அலுமினியத் தகடு. ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. நடுவில் 714 என்ற எண். மேலே வனத்துறை முத்திரை.

“மாட்டிக்கிட்டீங்க!” என்று கத்தியேவிட்டாள்.

கான்ட்ராக்டர் அசரவில்லை. “இவ்வளவுதானா? பட்டுப்போன மரத்தை வனத்துறையே வெட்டி ஏலம் விடுது. அறுவை ஆலைக்காரன் எடுத்தான். தகடும் கூடவே வந்திருக்கு. பேப்பர் காட்டட்டுமா?”

அவளுக்குச் சப்பென்று ஆனது. மனிதர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. மைதாவின் கையில் இருந்த போனில் மேனேஜர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

சட்டென்று பொறி தட்டியது. வனத்துறையில் மரங்களுக்கு எண் அடிப்பது யார்? அவள் வீட்டுக்காரர்! போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டு வந்ததுக்குத் திட்டத்தானே கூப்பிட்ட?” என்றது கணவனின் குரல்.

“டப்பா கிடக்கட்டுங்க! 714னு ஒரு தகடு சில்லுக்குள்ள கிடைச்சிருக்கு. ஏலம் போன மரத்தோட வந்திருக்குமா?”

“தகடு சதுரமா, வட்டமா?”

“வட்டம்.”

“நல்லாப் பார்த்துச் சொல்லு. நிஜமாவே வட்டமா?”

“கையிலதான் இருக்கு! ஏன்?”

“ஒவ்வொரு மரத்துக்கும் ரெண்டு தகடு அடிக்கிறோம். சதுரம் நெஞ்சு உயரத்துல. வட்டம் அடியில, மண்ணை ஒட்டி. பன்னெண்டு வருஷமா சோறு போடும்போதெல்லாம் சொல்றேன், நீ என்னைக்குக் காது குடுத்த? ஏலத்துக்கு நாங்க வெட்டினா முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டுத்தான் வெட்டுவோம். வட்டத் தகடு அந்தக் கட்டையிலயே இருக்கும், காட்டைவிட்டு வெளியவே வராது. கட்டைகூடத் தெரியக்கூடாதுன்னு எவனோ மண்ணோட வழிச்சு அறுத்திருக்கான். திருட்டு மரம்!”

ஆய்வாளருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மைதா பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

கான்ட்ராக்டரின் முகம் வெளுத்தது. மெல்லத் திரும்பி மைத்துனனைப் பார்த்தார். சுட்டெரிக்கிற பார்வை.

மைத்துனனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்னை எதுக்கு மாமா முறைக்கிறீங்க? சதுரமா இருந்த நாப்பத்தி மூணையும் ஒன்னு விடாம புடுங்கி உங்க கையிலதானே குடுத்தேன்!”