நல்ல துணிக்கு ஒட்டுவதில்லை

மகளின் வாடகை வீட்டுக்குள் முதன்முதலாகக் காலை வைத்ததும் அவர் கண் நேராகப் போய் நின்றது கதவின் மேல் கீலில். ஒரு ஸ்குரூவைக் காணோம். "என்ன இது, கதவு இப்படித் தொங்குது?" என்றார். "வாங்கப்பா" என்று சொல்ல வாயெடுத்த மகள் அதை விழுங்கிவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். அதோடு விட்டாரா மனுஷர்? சுவரில் ஈரம் ஏறியிருந்த இடத்தை விரலால் தட்டிப் பார்த்தார். ஜன்னல் திரை இடது பக்கம் இறங்கியிருக்கிறது என்றார். சமையலறைக் குழாய் சொட்டுவதைக் கண்டுபிடித்து, அதைத் திருகித் திருகி இன்னும் வேகமாகச் சொட்ட வைத்தார். மருமகன், பாவம், "பார்த்துடறேன் மாமா, சரி பண்ணிடறேன் மாமா" என்று பின்னாலேயே தலையாட்டிக்கொண்டு வந்தான். அந்தத் திரையை மகள் வேலை முடிந்து வந்து ஒவ்வொரு சாயங்காலமும் கையால் தைத்திருந்தாள். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்தவள் குரலை உயர்த்தவில்லை. "எல்லாத்துலயும் ஒட்டியாச்சு. ஒண்ணுதான் பாக்கி" என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "இங்கயும் உங்க ஆலை சிவப்பு ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டிட்டுப் போங்க. சின்னப் பிள்ளையிலேர்ந்து அதுதானே நடக்குது."

"உன் நல்லதுக்குத்தானே சொன்னேன் பாப்பா."

"தெரியும்பா. இனிமே நான் கூப்பிடலை. நீங்களும் சிரமப்பட்டு வர வேணாம்."

கதவைச் சாத்தும்போது கீல் கிரீச்சிட்டது. 'நான் சொன்னேன் பார்' என்றுதான் அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது. என்ன ஜென்மமோ!

அவருக்குத் துணி ஆலையில் செக்கிங் பிரிவில் வேலை. சாய்ந்த கண்ணாடி மேசை, அதற்கு அடியில் டியூப்லைட். துணி சுருளிலிருந்து பிரிந்து கண்ணாடிமேல் ஏறி, அந்தப் பக்கம் மறுபடி சுருண்டுகொள்ளும். நடுவில் நிற்கிற இவருக்கு முடிச்சு, விட்டுப்போன இழை, எண்ணெய்க் கறை, ஊசிமுனை ஓட்டை எதுவும் தப்பாது. பார்த்த இடத்தில் மெஷினை நிறுத்தி, ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். நல்ல துணிக்கு எதுவும் ஒட்டுவதில்லை. அது பாட்டுக்குப் போகும். ஆலையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள், அவருக்கு உள்ளூரப் பெருமை.

மனைவி இருந்தவரை வீட்டில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்த மாதிரி. மகள் வரைந்த படத்தைக் கொண்டுவந்து நீட்டுவாள். இவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். முகம் வாடிப்போகிற பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு, "அடி அசடே, அப்பா ஒண்ணும் சொல்லலைன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்டி" என்பாள் அவள். அவள் போய்ச் சேர்ந்தபின் சொல்வதற்கு ஆள் இல்லை. அறை இருக்கிறது, ஒரு கட்டில் இருக்கிறது, கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு இருக்கிறது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் முழங்கால் போடுவார். அன்று தான் செய்த தப்புகளை ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் ஒப்புவிப்பார். சபையில் ஆளாளுக்கு, கர்த்தர் என்னோடு பேசினார், என்னைத் தேற்றினார் என்று சாட்சி சொல்வார்கள். இவரிடம் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தன்னிடம் இன்னும் ஏதோ குறை இருக்கிறது என்று இவர் அடுத்த நாளும் தேடுவார். மகள் அப்படிச் சொல்லி அனுப்பிய பிறகு தேடுவது இன்னும் அதிகமானது. ஆனால் தேடிய இடத்தில் கீலும் குழாயும்தான் அகப்பட்டன.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் சிலரைப் பின்னறையில் உட்கார வைத்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் அடுக்கிய பாட்டுப் புத்தகங்கள். "பிரசங்கம் இல்லை, பயப்படாதீங்க" என்றார் போதகர். "கண்ணை மூடிக்கோங்க. ஆண்டவர் இந்த நிமிஷம் உங்களைப் பார்த்துட்டு இருக்கார். அவர் முகம் எப்படி இருக்குன்னு பாருங்க. எப்படி இருக்கணும்னு இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியுதோ, அப்படி."

பூதக்கண்ணாடி கண்ணை மூடினார். முகம் உடனே வந்தது, தேட வேண்டியிருக்கவில்லை. கீழேயிருந்து வெளிச்சம் அடிக்கிற முகம். குனிந்திருந்தது. புருவம் நெரிந்து, உதடு இறுகி, கண் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்றது. கை ஸ்டிக்கருக்கு நீண்டது. இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தார். துணி ஏறாத நேரத்தில், மேசைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தான் அது. அவருடைய சொந்த முகம்.

பக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டே, அம்மா மாதிரி இருக்கார் என்றாள். "நீங்கண்ணே?" என்றார் போதகர். "சரியாத் தெரியலை ஐயா" என்று சொல்லிவிட்டு இவர் எழுந்து வந்துவிட்டார்.

வழியெல்லாம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இத்தனை வருஷமும் இந்த ஆளுக்கு முன்னாலா முழங்கால் போட்டுக் கிடந்தேன்? இவனிடமா மன்னிப்புக் கேட்டேன்? இவன் எப்படி மன்னிப்பான், இவன்தான் ஸ்கூல் நாடகத்தில் பிள்ளை மறந்துபோன ஒரு வரியை வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தவன் ஆயிற்றே! அறைக்கு வந்து வழக்கமான இடத்தில் முழங்கால் போட்டார். வாய் வரவில்லை. அந்த முகத்திடம் பேச மனமில்லை. வேறு முகம் அவருக்குத் தெரியாது. மனைவி போனாள், மகள் போனாள், இப்போது இருந்த ஒரு ஆண்டவரும் போய்விட்டார் என்று நினைத்தபோது பயம் வந்தது, இருட்டில் கைவிடப்பட்ட பிள்ளையின் பயம். "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார், சத்தமாகவே. பதில் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். ஒண்ணும் சொல்லலைன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்டி. மனைவியின் குரல்தான், நினைவில். அப்படியும் இருக்குமோ? இத்தனை நாள் பேசாமலிருந்தது அதனாலா? நம்புவதற்குத் தைரியம் வரவில்லை. ஆனால் சட்டைக் கழுத்து நனைகிற அளவுக்கு அழுதார். அப்படி இருந்தாலுமே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டு முடித்தபின்தான் அது மகள் கேட்க வேண்டிய கேள்வி என்று உறைத்தது.

மறுநாள் வெள்ளைத் துணி ஒன்று வந்தது. முதலிலிருந்து கடைசி வரை ஒரு முடிச்சு இல்லை, ஒரு கறை இல்லை. சுருள் முடிந்து மெஷின் நின்றது. அவர் துணிமேல் உள்ளங்கையை வைத்து, "நல்லா இருக்கு" என்றார்.

சுருளை இறக்க வந்த அக்கா திரும்பிப் பார்த்தாள். "யாருகிட்டண்ணே பேசறீங்க?"

"துணிகிட்ட."

"சரியாப்போச்சு" என்று அவள் சுருளை வண்டியில் உருட்டிவிட்டாள்.

சாப்பாட்டு இடைவேளையில் பின்பக்கப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். மகளுக்கு அன்று விடுமுறை. எண்ணை அழுத்திவிட்டு, எடுக்காமலிருந்தால் தேவலை என்றும் நினைத்தார். எடுத்தாள். 'ஹலோ' சொல்லவில்லை.

"பாப்பா, நான்தான்."

"ம்."

"சும்மாதான் பண்ணேன். உன் வீடு… வீடு நல்லா இருக்கு."

"அப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். உண்மையிலேயே பயந்திருந்தாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன். அந்தத் திரை நீ தைச்சதுதானே? கீழ்மடிப்பு முழுக்க ஒரே சீரா இருந்துச்சு. மெஷின்ல கூட அப்படி வராது. அன்னைக்கே பார்த்தேன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்ப ஏன்பா சொல்லலை?"

அதற்கு அவரிடம் இருந்தது ஒரே பதில்தான். அது எவ்வளவு மோசமான பதில் என்பது வாயிலிருந்து வரும்போதே தெரிந்தது. "நல்லா இருந்துச்சு பாப்பா… அதான்."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அதற்குப் பின்னால் சமையலறைக் குழாய் சொட்டுவது துல்லியமாகக் கேட்டது. வாஷர் தேய்ந்திருக்கும், மாற்றினால் போதும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உதடு வழக்கம்போல இறுகியது. அவர் மெல்ல அதைத் தளர்த்திவிட்டார்.

அவள் போனை வைக்கவில்லை. அவரும் வைக்காமல், காதை இன்னும் நெருக்கிக்கொண்டு, குழாய் சொட்டுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.