பன்னிரண்டாவது நாடா

தாதோவின் தாடையில் பவுடரை ஒற்றினான் ரொமெல். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்ததில் கன்றிப்போன இடம் இரண்டு பூச்சுக்கும் மறையவில்லை. மூன்றாவதும் பூசினான். மணிலாவின் அந்த ஈமச்சடங்குக் கடையில் பதினாலு வருஷமாகச் செத்தவர்களுக்கு முகம் திருத்துகிறவன் அவன். இன்றைக்குத்தான் ஒரு முகத்துக்கு இவ்வளவு நேரமாகிறது. பதினோரு வருஷம் ஒரே அறையில், ஒரே பாயில், பக்கத்தில் தூங்கிய முகமாயிற்றே.

ஆஸ்பத்திரியில் ரொமெலை வாசலோடு நிறுத்தி, "நீ அவருக்கு யாரு?" என்று கேட்டார்கள். சமார் தீவிலிருந்து கப்பலேறி வந்த தாதோவின் அக்கா கொராசோன் கையெழுத்துப் போட்டபிறகுதான் உடலைக் கொடுத்தார்கள். அந்த அக்காதான் இப்போது ஒரு துண்டுக் காகிதத்தோடு உள்ளே வந்தாள்.

"இந்தா, பதினோரு பேரு. எழுத்து தங்கக் கலர்ல இருக்கட்டும்."

உறவுக்காரர்களின் பெயரை வெள்ளை நாடாவில் எழுதிச் சவப்பெட்டி மூடியின் உட்பக்கத்தில் குத்தவேண்டும், அது அங்கே வழக்கம். துக்கத்துக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்த கையோடு மூடியைத்தான் பார்ப்பார்கள்.

ரொமெல் வாசித்தான். "எஃப்ரென் அண்ணன் பேரும் இருக்கா? இவனை அருவாளோட துரத்தினவராச்சே."

"அடிச்சாலும் அணைச்சாலும் கூடப்பிறந்தவன்டா."

"அப்ப என் பேரு, அக்கா?"

கொராசோன் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அம்மா வரப்போறா. சாமியார் வர்றார். இது யாருன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? இருந்தப்ப மானத்த வாங்கினது பத்தாதா?"

"கூடக் குடியிருந்தவன்னு சொல்லுங்க. அது போதும்."

"கூடக் குடியிருந்தவன் பேர எவன்டா பெட்டியில குத்துவான்?"

அவள் போய்விட்டாள். ரொமெல் தங்க மையை எடுத்தான். பதினோரு நாடாவையும் எழுதி முடித்தான். எஃப்ரெனின் பெயரைக்கூடக் கோணாமல் எழுதினான். பிறகு பன்னிரண்டாவதாக ஒன்றை வெட்டி, தன் பெயரை எழுதி, எல்லாவற்றுக்கும் கீழே, மூலையில் குத்தினான். யார் அவ்வளவு குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தான்.

அம்மா குனிந்து பார்த்தாள். கண் மங்கிய கிழவி, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் விரலால் தடவிக்கொண்டே வந்தவள், கடைசியில் நின்றாள்.

"ரொமெலா? இது யாருடி, கொராசோன்?"

தாதோவோடு சாரத்தில் வேலை பார்த்த ஒருவன் பின்னால் இருந்து, "மருமக பேரு, பாட்டி!" என்றான். நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாமியார் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார்.

கொராசோன் விறுவிறுவென்று வந்து நாடாவைப் பிடுங்கினாள். குண்டூசி இழுத்ததில் மூடியின் உட்புறப் பட்டுத்துணியும் கிழிந்தது.

"சனியன்! அவன் செத்தும் இவன் விடமாட்டேங்கிறானே!"

ரொமெலுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. பெட்டிமேல் கண்ணீர் பட்டால் ஆகாது, செத்தவன் நிம்மதியாகப் போகமாட்டான் என்பார்கள். இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, பவுடர்த் துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

கடை முதலாளி அவன் காதருகே வந்தார். "ரொமெல், அந்த ஓட்டை கண்ண உறுத்துது. எதையாவது வச்சு மறைச்சு விடுப்பா."

மேல்வரிசையில் இருந்து எஃப்ரெனின் நாடாவைக் கழற்றி எடுத்தான். கிழிசல் தெரியாதபடி விரித்துப் பிடித்தான். தன் நாடா குத்தியிருந்த பழைய துளையிலேயே ஊசி சுலபமாக இறங்கியது.