வேரின் பசி

அக்கா தன் கையால் மகரந்தம் தூவி உருவாக்கிய ஆப்ரிகாட் ரகம், உலகத்திலேயே இரண்டு கன்றுகளில்தான் மிஞ்சியிருந்தது. தாய்மரத்தைப் புயல் சாய்த்துவிட்டது. எங்கள் நர்சரியில் தண்ணீர் தேங்கும், பிளம்ஸ் வேர்தான் தாங்கும் என்று அதன்மேல் ஒட்டுக் கட்டியிருந்தாள். இரண்டும் தளதளவென்று நின்றன.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒட்டுக்கு மேலே தண்டு வீங்கியிருந்தது. ஒன்றை அறுத்துப் பார்க்கலாம் என்றேன். பச்சைப் பிள்ளையை அறுக்க எப்படித்தான் மனசு வருகிறதோ என்று அழுதாள் அக்கா. அழுதால் வீக்கம் வற்றிவிடுமா? கடைசியில் அவளே ரம்பத்தை எடுத்துக் கொடுத்தாள்.

தண்டை நெடுக்காகப் பிளந்து அயோடின் சொட்டினேன். மாவுச்சத்து இருக்குமிடம் கருநீலமாகும். ஒட்டுக்கு மேலே மை கொட்டியதுபோல் கருத்தது. கீழே வேர்வரைக்கும் வெளுப்பு. நடுவில் செத்த செல்களின் பழுப்புக் கோடு. இலைகள் சமைத்ததெல்லாம் மேலேயே தேங்கிவிட, வேர் பட்டினி கிடந்திருக்கிறது. ஒரு மரத்தில் ஊறும் கசப்புப் பொருள் மற்ற மரத்தின் செல்களுக்குள் போய் விஷமாக உடைகிறதோ என்பது என் சந்தேகம். வெளியே அத்தனை பச்சை, உள்ளே ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

மிச்சக் கன்றிலிருந்து குச்சி வெட்டினோம். புதிதாக ஒரு பிளம்ஸ் வேரை எடுத்து, அதோடும் ஆப்ரிகாட்டோடும் ஒத்துப்போகும் வேறொரு பிளம்ஸ் ரகத்தின் துண்டை நடுவில் வைத்துக் கட்டினோம். அடுத்த காற்றிலேயே அந்தப் பழைய கன்று ஒட்டிலே, அறுத்ததுபோல் வழவழப்பாக முறிந்தது. இனி இருப்பது இந்தப் புது ஒட்டு ஒன்றுதான். அது துளிர்த்தபோது அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் துளிரை நம்புவதாக இல்லை. குச்சிக்குள் இருக்கும் சேமிப்பைத் தின்றுகூடத் துளிர் வரும்.

இலையுதிர்காலத்தில் நான் கத்தியோடு போனதும் அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"இதையும் அறுக்கப் போறியா?"

இல்லையென்று தலையாட்டிவிட்டு மண்ணைக் கிளறினேன். தீக்குச்சி தடிமனில் ஒரே ஒரு வேரை நறுக்கி, சீவி, அயோடின் சொட்டினேன். வெள்ளையாகவே கிடந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு ஓரத்தில் லேசாக நீலம் தெரிந்தது. கண்ணெதிரே பரவிப் பரவி முழுத்துண்டும் கருத்தது. ஆப்ரிகாட் இலை வெயிலில் சமைத்தது, முன்பின் தெரியாத ஒரு மரத்தின் உடம்பைக் கடந்து, மூன்றாவது மரத்தின் வேருக்கு இருட்டில் போய்ச் சேர்ந்திருக்கிறது. யார் வழி சொன்னார்கள் அதற்கு?

"என்னடி, வாயைத் திறந்து சொல்லேன்," என்றாள் அக்கா, திரும்பாமலே.

"வேர் சாப்பிட்டிருக்குக்கா."