மழை ஓயட்டும், தட்டிப் பார்க்கலாம்

மழை நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே வேலைக்கு வந்த வீட்டின் குளியலறைச் சுவரில் டைல்ஸ் சந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டைல்ஸ் வேலைக்காரர்களில் மழையைத் திட்டாதவர்கள் கிடையாது. சிமெண்ட் மூட்டையிலேயே இறுகிவிடும், கலவை காயாது, முடிய வேண்டிய வேலை இழுத்துக்கொண்டே போகும். நானும் வாய் ஓயாமல் திட்டியவள்தான். இன்று மட்டும் அது இருட்டும் வரை கொட்டினால் ஒரு கும்பிடு போடலாம் என்றிருந்தது.

காரணம் என் வீட்டுக்காரரின் காது. கட்டின பெண்டாட்டியைவிட டைல்ஸ் அறுக்கும் மிஷினோடு அதிகம் குடும்பம் நடத்திய காது அது. முதலில் டிவியைச் சத்தமாக வைத்தார். பிறகு நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. எந்தப் புருஷன் கூப்பிட்டதும் திரும்புகிறான் என்று விட்டுவிட்டேன். போன வாரம் ஒரு லாரி பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, அவர் பாட்டுக்கு நடு ரோட்டில் நடந்துகொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். காது டாக்டரிடம் போவோம் என்றதற்கு, தன் காதுக்கு ஒரு கேடும் இல்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

சுவரில் ஒட்டிய டைல்ஸை, எங்கள் பேச்சில் கல்லை, காசால் தட்டிப் பார்ப்பது வழக்கம். பின்னால் கலவை நிறைந்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். காலியாக இருந்தால் வெறும் பானையைத் தட்டியது போல வரும். அந்தக் கல் என்றாவது கழன்று விழும். கல் பதிப்பதும் தட்டுவதும் மேஸ்திரியான அவர் வேலை. கலவை குழைப்பதும் சந்து அடைப்பதும் என் வேலை. சில மாதமாக, தட்டவில்லையா என்று கேட்டால், இந்த மழைச் சத்தத்தில் என்ன கேட்கும், ஓயட்டும் என்பார். ஓய்வதற்குள் அடுத்த வீட்டு வேலைக்குப் போயிருப்போம். அது சாக்கு என்று தெரிந்தும் நான் கேட்டதில்லை.

இன்று ஷவருக்குப் பக்கத்தில் சந்து அடைக்கும்போது என் விரல் முட்டி பட்டு ஒரு கல் வெறும் பானை மாதிரி ஒலித்தது. அது வெளிச்சுவர். மழையில் ஊறிக் கிடந்ததால் கலவை கல்லைப் பிடிக்கவில்லை. அதற்கு நேர் கீழே, குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டவென்று அந்த வீட்டு அம்மா வாங்கிய குட்டி ஸ்டூல் இருந்தது. அவரிடம் ரகசியமாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அவரிடம் ரகசியம் சொல்ல வேண்டுமென்றால் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். காது கேட்காத மேஸ்திரியை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் நின்றேன்.

மழை நின்றது. குழாயை மூடியது போல, பட்டென்று. வீட்டு அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தெரிந்தவர் வீட்டில் கல் கழன்று விழுந்ததாம், அதனால் மேஸ்திரிக்கு நேரே நின்று சுவரைக் காட்டி, எல்லாவற்றையும் தன் கண் முன்னால் தட்டிக் காட்டச் சொன்னாள். இறங்கத் திமிறிய குழந்தையை ஸ்டூலில் உட்கார வைத்தாள். அதற்கு இடம் பிடித்துப்போனது.

அவர் காசை எடுத்தார். கீழ் வரிசையிலிருந்து தட்டிக்கொண்டே போனார். தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்பது போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தெரியாதவர்கள் பார்த்தால் நம்பிவிடுவார்கள். அந்தக் கல்லுக்கு வந்தார். தட்டினார். அதற்கும் அப்படியே தலையாட்டிவிட்டு அடுத்ததற்குக் கையை நகர்த்தினார்.

“சத்தம் வேற மாதிரி வருதே மேஸ்திரி?” என்றாள் அவள்.

அவருக்கு முதுகுப் பக்கம் அவள் நின்றிருந்தாள். அவர் திரும்பவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். குழந்தை ஸ்டூலில் எழுந்து நின்று சுவரை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தது.

நான் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினேன். என் வாய் அவருக்குத் தெரியும்படி நின்றுகொண்டேன்.

“அந்தக் கல்லு உள்ள காலிங்க. எடுத்துடுங்க.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது பயம். இத்தனை வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. உளியை விளிம்பில் வைத்து லேசாக நெம்பினார். சுத்தியல் தேவைப்படவில்லை. முழுக் கல்லும் அவர் கையில் வந்து உட்கார்ந்தது. அதன் முதுகில் கலவை ஒரு பொட்டுகூட இல்லை. வீட்டு அம்மா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள்.

“நல்லவேளை, மறைக்காம சொன்னீங்க,” என்றாள் என்னிடம். “மிச்சத்தையும் தட்டிருங்க.”

தட்டாமல் விட்டு வந்த மற்ற வீட்டுச் சுவர்கள் எல்லாம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன. யார் யார் எந்தச் சுவருக்குக் கீழே இப்போது குளித்துக்கொண்டிருக்கிறார்களோ.

அவர் காசை மறுபடி எடுத்தார். இந்த முறை தலையைச் சாய்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த கல்லைத் தட்டினார். கெட்டியான சத்தம்தான். ஆனால் அந்தச் சுவர்களை நினைத்த பயம் என் முகத்துக்கு வந்துவிட்டால் நல்ல கல்லையும் பெயர்த்துவிடுவார். பல்லைக் கடித்து முகத்தை நிறுத்திக்கொண்டு, சரி என்று தலையசைத்தேன். அவர் கை அடுத்த கல்லுக்குப் போனது. கண் என்னை விட்டு நகரவில்லை.