மெயின் ரூமில் ஒருவர்

நான் பேசுகிற ஆள். இருபத்திரண்டு வருடமாகப் பொருளாதாரம் நடத்துகிறேன் என்றால் இருபத்திரண்டு வருடமாக வாயை மூடவில்லை என்று அர்த்தம். வங்காளத்து நியூ டவுனில் இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் அது குற்றமாகிவிட்டது. 'ஜம்புநாதன் சார் யாரையும் பேச விடுவதில்லை' என்று மாணவர்கள் கருத்துப் படிவத்தில் எழுதிவிட்டார்கள். இந்த செமஸ்டரும் அப்படியே எழுதினால் வகுப்பு கிடையாது, தேர்வுப் பிரிவில் உட்காரவேண்டியதுதான் என்று துறைத்தலைவி சொல்லிவிட்டார். வகுப்பை விட்டால் எனக்குப் பேச ஆளே இல்லை. பாங்க் வேலையை விட முடியாமல் திருச்சியில் இருக்கும் மனைவி சாவித்திரி தினம் ஒரு முறை போன் செய்வாள். "சாப்டாச்சா?" "ஆச்சு." அன்றைய தமிழ் அதோடு முடிந்தது.

மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்ற ஒரு நாள், ஆன்லைன் வகுப்பு. ஆசிரியர் பயிற்சியில் சொன்னபடி நாற்பது பேரையும் எட்டுக் குழுவாக்கித் தனித்தனி ரூமுக்கு அனுப்பினேன். மழை வந்தால் கரியாஹாட் கடைகளில் குடை விலை ஏறுமா, இறங்குமா? இருபது நிமிடம் அவர்களே பேச வேண்டும். நான் வாயே திறக்கக் கூடாது.

மூன்றாம் ரூமை எட்டிப் பார்த்தேன். வங்காள மொழியில் ஒரே சண்டை, சிரிப்பு. என் பெயர் தெரிந்ததும் கப்சிப். ஏதாவது வேண்டுமா என்று ஒருத்தி மரியாதையாகக் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

எல்லோரும் கிளம்பிப் போன மெயின் ரூமில் நான் ஒருவன். திரை முழுக்க என் மூஞ்சி. யாருமில்லை என்ற தைரியத்தில் தமிழில் ஆரம்பித்தேன்.

"நேத்து ரசம் வெச்சேன் சாவித்திரி. வாயில வெக்க முடியல, கொட்டிட்டேன். நீ கேட்டப்ப சாப்டாச்சுன்னு பொய் சொன்னேன்."

"புளி ஜாஸ்தியாயிருக்கும், சார்."

தூக்கிவாரிப் போட்டது. திரையில் ஒரு கறுப்புக் கட்டம். அக்‌ஷயா என்று பெயர். கரண்ட் போய் இணைப்பு அறுந்து, திரும்ப நுழைந்தவள் நேரே மெயின் ரூமுக்கு வந்திருக்கிறாள்.

"நீ தமிழாம்மா?"

"ஆமா சார். சாந்த்ராகாச்சி, ரயில்வே குவார்ட்டர்ஸ். வீட்ல மட்டும்தான் பேசுவோம்."

ஒரு வருடமாக என் வகுப்பில் இருக்கிறாள். நான் எங்கே அவளை வாய் திறக்க விட்டேன்?

"ரசம் எப்டின்னு அம்மாவக் கேட்டுச் சொல்லட்டா சார்? இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு."

பன்னிரண்டு நிமிடம், தமிழில். ஆனால் அவளுடைய ஆறாம் ரூமில் நான்கு பேர் ஐந்தாவது ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்புறம் கேட்டுக்கலாம். நீ உன் குரூப்புக்குப் போம்மா," என்றேன். அனுப்பினேன். மீதி நேரம் முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் சாவித்திரி போன் செய்தாள்.

"சாப்டாச்சா?"

"இல்ல. நீ?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று பயம் வந்தது. அப்போதும் பேசவில்லை.

"நானும் இல்ல," என்றாள். "ரொம்ப நாளாவே ராத்திரி சாப்பிடறதில்ல. தனியா உக்காந்து சாப்பிடப் பிடிக்கல."