பதினைந்து அங்குல வல்லூறு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் ஒரு பறவையின் நீளத்துக்காகக் கட்டிய கணவரோடு ஒன்றரை மாதம் சண்டை பிடிப்பேன் என்று நானே நினைத்ததில்லை.

சண்டை என்றால் வாய்ச்சண்டை இல்லை. அதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். அவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. எனக்குத் தையல் கம்பெனியில் பகலெல்லாம் துணி வெட்டும் வேலை. காலை ஆறரைக்கு நான் கிளம்புவேன். ஏழேகாலுக்கு அவர் வருவார். சாயங்காலம் நான் திரும்பும்போது அவர் போயிருப்பார், தலையணையில் மாவு வாசனை மட்டும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். அதனால் சமையலறை மேசையில் ஒரு நோட்டு வைத்திருந்தோம். ‘கேஸ் தீரப்போகுது.’ ‘பட்டன் தைச்சாச்சு.’ மூன்று வருடமாக எங்கள் குடித்தனம் அதில்தான் நடந்தது.

ஒரு நாள் விடியற்காலையில் துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். அந்த நேரத்து வெளிச்சம் தண்ணீர் மாதிரி இருக்கும். கொடியில் தொங்கும் போர்வைகள்கூட மிதப்பது போலத் தெரியும். சிட்டுக்குருவிகளின் சத்தம் திடீரென்று நின்றது. மதில்மேல் ஒரு பறவை உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழுப்பு முதுகு, மஞ்சள் கண். ஈரத் துணியைப் பிழியாமல், கையில் சொட்டச் சொட்ட அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அன்று பஸ்ஸைக் கோட்டை விட்டேன்.

நோட்டில் எழுதிவைத்தேன். ‘பருந்தா இருக்கும்’ என்று பதில் வந்திருந்தது. எனக்குச் சுள்ளென்றது. நூலகத்திலிருந்து பறவைப் புத்தகம் எடுத்து வந்து, ‘பருந்துக்கு வால் நுனி நடுவுல உள்ள வெட்டியிருக்கும். இதுக்கு நேரா இருக்கு. நெஞ்சுல குறுக்குக் கோடு. இது வல்லூறு. பதினஞ்சு அங்குலம்’ என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து அவரும் பார்த்துவிட்டார். மத்தியானம் தூங்கி எழுந்து ஜன்னலைத் திறந்தாராம். ‘வல்லூறுதான், ஒத்துக்கறேன். ஆனா பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல ஒரு நூல்கூட இருக்காது. முதுகு சாம்பல் நிறம். கண்ணு சிவப்பு. உனக்குத் தூக்கக் கலக்கம்.’

இருபது வருடமாகத் துணி வெட்டுகிறவள் நான். ஆளைப் பார்த்தே தோள் அளவு சொல்வேன். என்னிடம் வந்து மூன்று அங்குலம் குறைக்கிறாரா? அவரோ, மாவை அள்ளினாலே எத்தனை கிராம் என்று சொல்லும் கை உள்ளவர். எளிதில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அன்று தொடங்கியது. நான் கால்பக்கம் எழுதினால் அவர் அரைப்பக்கம். வாலில் எத்தனை பட்டை, பறக்கும்போது எத்தனை தரம் சிறகடித்துவிட்டு மிதக்கிறது, எல்லாவற்றுக்கும் மறுப்பு. ‘உன் டேப்பை வெந்நீர்ல போட்டுட்டியா, சுருங்கிடுச்சா?’ என்றுகூட எழுதினார். இன்ச் டேப்பு என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்.

இதற்கு நடுவில்தான் கம்பெனியில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: வேறு ஊரில் புதுக் கிளை, வெட்டும் பகுதிக்கு என்னையே தலைமையாகப் போடுகிறார்கள், யோசிக்கப் பத்து நாள் அவகாசம், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? கேஸ் தீரப்போகிறது என்பதற்குக் கீழே எழுதுகிற விஷயமா இது? உண்மையைச் சொன்னால், எனக்கு இன்னொன்றும் தோன்றியது. நான் இல்லாவிட்டால் இந்த மனிதருக்கு என்ன குறையப் போகிறது? எனக்குத்தான் என்ன குறையப் போகிறது?

அந்தச் சனிக்கிழமை தொழிற்சாலையில் அடுப்பு பழுது, அவருக்கு லீவு. ஞாயிறு காலை இருவரும் டீயோடு பின்பக்கப் படியில் உட்கார்ந்தோம். பகலில் பக்கத்தில் உட்கார்ந்து நாளானதால் இருவருக்குமே கூச்சமாக இருந்தது. வெயில் இன்னும் தரைக்கு இறங்கவில்லை. மதில்மேல் என் வல்லூறு வந்து உட்கார்ந்தது.

“பாருங்க! பதினஞ்சு அங்குலம் இருக்கா இல்லையா?”

“இருக்கு,” என்றார் சாதாரணமாக. பிறகு உள்ளே கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். “ஏழரை ஆகப்போகுது. சத்தம் போடாம இரு, இன்னொண்ணு வரும்.”

“இன்னொண்ணா?”

கொடிக்குக் கீழே, போர்வைகளை உரசாமல் ஒரு சாம்பல் நிழல் வழுக்கிக்கொண்டு வந்தது. சின்னது. காலில் எதையோ பிடித்திருந்தது. பெரியது எழும்பிப் போய் மரக்கிளையில் அதை வாங்கிக்கொண்டது. அரை நிமிடம் இருக்கும். சின்னது போய்விட்டது.

“சின்னது ஆம்பள, பெருசு பொம்பள,” என்றார். “இந்த இனத்துல பொண்ணுதான் பெருசு. அது அடைகாக்குது, இது இரை கொண்டாந்து குடுக்குது. தினம் நீ பஸ் ஏறுனப்புறம்தான் வரும்.”

எனக்கு அப்படியொரு சந்தோஷம். அடுத்த நொடி உறைத்தது.

“இது உங்களுக்கு எத்தனை நாளா தெரியும்?”

அவர் அசடு வழிந்தார். “ஒரு மாசமா.”

“ஒரு மாசமாவா? போன வியாழக்கிழமைகூட எனக்குக் கண்ணு சரியில்லன்னு எழுதினீங்களே!”

“ரெண்டு இருக்குன்னு எழுதியிருந்தா நீ நிறுத்தியிருப்ப,” என்றார் டம்ளரைப் பார்த்தபடி. “மறுபடி கேஸ், பட்டன்தான். நீ திட்டி எழுதுனா கால்பக்கம் வருது. வீட்டுக்கு வந்தா செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி அதைத்தான் படிப்பேன்.”

மரத்தில் அந்தப் பெரியது நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, வேறு ஊரில் வேலை போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும்.

அவர் டம்ளரைப் படியில் வைத்தார்.

“பெரிய வேலை. உனக்குத் தகுந்த வேலைதான்,” என்றார். “நான் பகல் ஷிப்டு கேக்குறேன். தரலைன்னா வேற எடம் பாக்குறேன். நீ உன் இஷ்டப்படி முடிவெடு.” எழுந்து உள்ளே போகப் போனவர் திரும்பி நின்றார்.

“போகாத,” என்றார்.

பத்து நாளாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன் என்பது, அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.