எட்டாம் எண் நாற்காலி

குடிநீர் அலுவலகத்துக்குப் போன் போட்டு எட்டை அழுத்தினால் ஒரு காலி நாற்காலி எடுத்துப் பேசும். நாற்காலி எப்படிப் பேசும் என்று ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை. அந்த அலுவலகத்தில் ஏதோ ஒன்று போனை எடுக்கிறதே, அதுவே பெரிய விஷயம்.

புது டெலிபோன் வந்தபோது யாருக்கு எந்த எண், எந்தப் புகார் எங்கே போகவேண்டும் என்று பட்டியல் போட்டவள் தலைமை எழுத்தர் கோதைநாயகி. பத்தொன்பது வருஷ சர்வீஸ். சூப்பிரண்டு பதவி காலியாக இருந்தது. இந்த வேலையை ஒழுங்காக முடித்தால் அது தனக்குத்தான் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒன்று முதல் ஏழு வரை அடித்துப் பிடித்துப் போயின. எட்டைத்தான் சீந்துவார் இல்லை.

"எட்டா? கூட்டினா எட்டு வருதுன்னு ஆறு மாசம் காத்திருந்து வேற வண்டி நம்பர் வாங்கினவன் மேடம் நான்," என்றார் குழாய்ப் பிரிவு பிச்சையா.

கோதைநாயகிக்கு மட்டும் எட்டு ஆகுமா என்ன? ஒன்பதைத் தான் எடுத்துக்கொண்டு, எட்டை மூலையில் கிடந்த காலி நாற்காலிக்கு எழுதினாள். யாரும் எடுக்காத அழைப்பு எட்டுக்குப் போகட்டும் என்று போட்டாள். யாரும் எதையும் எடுக்கிற வழக்கம் இல்லாததால் எல்லாமே எட்டுக்குப் போயின.

நாற்காலி எடுத்தது. "சொல்லுங்கம்மா" என்றது. டீ குடிக்க எழுந்து போகவில்லை, பெர்மிஷன் கேட்கவில்லை. மூன்றே மாதத்தில் ஊர்க் குழாய்களில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படி ஓர் அநியாயம் அந்த அலுவலகத்தில் அதுவரை நடந்ததில்லை.

பதவி உயர்வு ஆணை எட்டாம் எண்ணின் பெயருக்கு வந்தது.

கோதைநாயகி போனை எடுத்தாள். தன் மேஜையிலிருந்தே எட்டை அழுத்தினாள். "பத்தொன்பது வருஷம் இங்கே தேய்ஞ்சது நான்! உனக்கு நம்பர் கொடுத்ததே நான்!"

"நன்றி மறப்பேனா மேடம்?" என்றது நாற்காலி. "நான் சூப்பிரண்டு ரூமுக்குப் போயிட்டா என் இடம் காலிதானே? உங்க பேரைத்தான் எழுதி அனுப்பியிருக்கேன்."

மறுநாள் காலை நாற்காலியைத் தூக்கிப்போய் சூப்பிரண்டு அறையில் போட்டு, முதுகில் வெள்ளை டர்க்கி டவலைச் சாத்தினார்கள். கோதைநாயகி மூலைக்கு வந்து, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். பியூன் அவள் தோளைத் துணியால் தட்டித் துடைத்தான். பிறகு பிச்சையா வந்து, தன் சாப்பாட்டுப் பையை அவள் கையில் மாட்டிவிட்டு சீட்டுக்குப் போனார்.